தீபாவளிக்கு எண்ணெய் கொடுத்த பாதிரியார்!

"பையனைக் கல்லூரியில் சேர்க்க வேண்டும். நல்ல கல்லூரி என்கிறார்கள். ஆனால், அது நம்முடைய மதத்தார் நடத்தும் கல்லூரி இல்லையே! சேர்க்கலாமா, கூடாதா?"

பரீட்சை முடிவு வந்தவுடன் பல வீடுகளில் எழும் பேச்சு இது.

திருநெல்வேலியில் இருந்து சங்கரன்கோவிலுக்குப் போகும் சாலையில் பனவடலிசத்திரம் என்று ஓர் ஊர். மானம் பார்த்த பூமி. வடலி என்றால் இளம் பனை. சத்திரம் என்றால் வழிப்போக்கர் தங்கி இளைப்பாறும் இடம். ஊரின் பெயரிலேயே பனையும் இருக்கிறது. வந்தவருக்கு இடம் கொடுக்கும் குணமும் இருக்கிறது.

இப்படிப்பட்ட ஊர்களில் இருந்துதான் பிள்ளைகள் பஸ் ஏறிப் படிக்கப் போகிறார்கள். நெல்லைக்கும் பாளையங்கோட்டைக்கும் போனால் எத்தனை கல்லூரிகள்! ம.தி.தா. இந்துக் கல்லூரி இருக்கிறது. தூய யோவான் கல்லூரியும், சாராள் தக்கர் பெண்கள் கல்லூரியும் இருக்கின்றன. கத்தோலிக்க ஏசு சபையார் 1923-ல் தொடங்கிய தூய சவேரியார் கல்லூரி இருக்கிறது. 1971-ல் தொடங்கிய சதக்கத்துல்லா அப்பா கல்லூரி இருக்கிறது. பெயர்கள்தான் வேறு வேறு. எல்லாக் கல்லூரிகளிலும் எல்லா மதத்துப் பிள்ளைகளும் படிக்கிறார்கள்.

ஆனாலும், பெற்ற மனம் அல்லவா? அது ஆயிரம் கேள்வி கேட்கும்.

பெண் பொட்டு வைத்துக்கொண்டு போகலாமா? நோன்பு மாதத்தில் பையனுக்கு விடியுமுன் சாப்பாடு கிடைக்குமா? ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போக விடுவார்களா? எல்லாவற்றுக்கும் மேலாக, பிள்ளையின் மனம் மாறிப் போய்விடுமோ?

இப்படிக் கேட்பதில் தப்பு இல்லை. ஆனால், பதிலையும் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தப் பதிலை வாதத்தில் தேட வேண்டாம். வேறு மதத்தார் நடத்திய கல்லூரிகளில் படித்தவர்களின் வாழ்க்கையிலேயே தேடுவோம்.

இரண்டு பாம்புகளின் சண்டை

முதலில் பக்கத்துக் கோவிலின் கதை ஒன்று.

சங்கரன்கோவிலில் சங்கரநாராயணர் கோவில் இருக்கிறது. அங்கே சாமியின் உருவத்தில் ஒரு பாதி சிவன். மறு பாதி திருமால். இந்த உருவம் எப்படி வந்தது என்பதற்குத் தல புராணம் ஒரு கதை சொல்கிறது.

சங்கன், பதுமன் என்று இரண்டு நாக அரசர்கள் இருந்தார்கள். சங்கன் சிவபக்தன். பதுமன் திருமாலின் பக்தன். "என் சாமிதான் பெரியது" என்று சங்கன் சொன்னான். "இல்லை, என் சாமிதான் பெரியது" என்று பதுமன் சொன்னான். சண்டை முற்றியது. இருவரும் அம்பாளிடம் போய் நியாயம் கேட்டார்கள். அம்பாள் பூமிக்கு வந்து தவம் இருந்தாள். ஆடி மாதத்தில் இறைவன், பாதி சிவனாகவும் பாதி திருமாலாகவும் காட்சி கொடுத்தார். அதுதான் ஆடித் தபசுத் திருவிழா.

இந்தக் கதையில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. சங்கன், சிவபக்தியை விட்டுவிடவில்லை. பதுமன், திருமால் பக்தியை விட்டுவிடவில்லை. அடுத்தவனின் சாமியை இகழ்ந்து பேசுவதைத்தான் இருவரும் விட்டார்கள். அவ்வளவுதான்!

அதே தென்காசி மாவட்டத்தில், கடையம் பக்கத்தில் பொட்டல்புதூர் தர்கா இருக்கிறது. அங்கே முஸ்லிம்களும் வருகிறார்கள். இந்துக்களும் நேர்ந்துகொண்டு வருகிறார்கள். அங்கே போய் வந்ததால் மதம் மாறிவிட்டது என்று யாரும் சொல்வது இல்லை.

கோவிலிலும் தர்காவிலும் நம் மக்களுக்குச் சாதாரணமாக இருக்கும் ஒன்று, கல்லூரி வாசலில் மட்டும் ஏன் பயமாக மாற வேண்டும்?

கடைசி வரிசைக்கு அனுப்பப்பட்ட சிறுவன்

ராமேசுவரத்தில் 1931-ல் ஒரு முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தார், அப்துல் கலாம். பிற்காலத்தில் நாட்டின் ஜனாதிபதி ஆனவர். தமது வாழ்க்கைக் கதையில் இரண்டு சம்பவங்களை அவர் சொல்லி இருக்கிறார்.

முதல் சம்பவம், ஐந்தாம் வகுப்பில் நடந்தது. வகுப்பில் அவர் எப்போதும் முன் வரிசையில் உட்காருவார். பக்கத்தில் உயிர்த்தோழன் ராமநாத சாஸ்திரி. ராமேசுவரம் கோவிலின் தலைமை அர்ச்சகர் லட்சுமண சாஸ்திரிகளின் மகன்.

ஒரு நாள் புதிய ஆசிரியர் ஒருவர் வந்தார். பூணூல் போட்ட பையன் பக்கத்தில், தொப்பி போட்ட முஸ்லிம் பையன் உட்கார்ந்து இருப்பதைப் பார்த்தார். அவருக்குப் பொறுக்கவில்லை. கலாமை எழுப்பி, பின் வரிசைக்கு அனுப்பினார்.

கலாம் வருந்தினார். ராமநாதனோ அழுதுவிட்டான்!

இருவரும் வீட்டில் போய்ச் சொன்னார்கள். சாஸ்திரிகள் அந்த ஆசிரியரை வரவழைத்தார். பச்சைப் பிள்ளைகளின் மனத்தில் நஞ்சைக் கலக்கக் கூடாது என்று கண்டித்தார். மன்னிப்புக் கேளுங்கள், இல்லையென்றால் ஊரை விட்டுப் போய்விடுங்கள் என்றும் சொல்லிவிட்டார். ஆசிரியர் தம் செயலுக்கு வருந்தினார். அவர் மனமும் மாறியது.

கலாமுக்காகப் பேசியவர், கலாமின் மதத்தைச் சேர்ந்தவர் அல்ல. கோவிலின் தலைமை அர்ச்சகர்! தம் மதத்தில் ஊறியவர்தான் அடுத்த வீட்டுப் பிள்ளைக்காகப் பரிந்து பேசினார்.

கையில் பைபிள்; கொடுத்தது நல்லெண்ணெய்

இரண்டாவது, திருச்சியில் நடந்தது.

திருச்சி தூய வளனார் கல்லூரி, கத்தோலிக்க ஏசு சபையாரின் கல்லூரி. 1844-ல் நாகப்பட்டினத்தில் தொடங்கியது. 1883-ல் திருச்சிக்கு மாறியது. 1950-ல் கலாம் அங்கே படிக்க வந்தார். நான்கு ஆண்டுகள் விடுதியில் தங்கினார்.

விடுதி அறையில் மூன்று பேர். ஒருவர் ராமேசுவரத்து முஸ்லிம். இன்னொருவர் ஸ்ரீரங்கத்து ஆசாரமான அய்யங்கார். மூன்றாமவர் கேரளத்து சிரியன் கிறிஸ்தவர். கல்லூரியோ கத்தோலிக்கர்களுடையது!

இந்த மூவரும் ஒரே அறையில் எப்படி வாழ்ந்தார்கள்? மிகவும் மகிழ்ச்சியாக இருந்தோம் என்கிறார், கலாம்.

விடுதிக்கு வார்டனாக இருந்தவர் செக்வீரா பாதிரியார். ஆங்கிலமும் கற்பித்தார். மூன்று மாடிக் கட்டிடம்; சுமார் 100 மாணவர்கள். ஒவ்வொரு நாள் இரவும் அவர் கையில் பைபிளுடன் விடுதியைச் சுற்றி வருவார். ஒவ்வொரு மாணவனையும் பார்த்துவிட்டுத்தான் போவார்.

தீபாவளி வந்தது. அந்தப் பாதிரியார் என்ன செய்தார் தெரியுமா?

அறை அறையாகப் போய் எல்லாருக்கும் நல்லெண்ணெய் கொடுக்கும்படி ஏற்பாடு செய்தார்! எதற்கு? எண்ணெய் தேய்த்துக் குளிப்பதற்கு!

வீட்டில் இருந்தால் அம்மா எண்ணெய் வைத்துவிடுவாள். விடுதியில் இருக்கும் பையனுக்கு யார் இருக்கிறார்கள்? அந்தக் குறை தெரியக் கூடாது என்று நினைத்தார், பாதிரியார். தீபாவளி அவருடைய பண்டிகை அல்ல. ஆனால், பிள்ளைகள் அவருடைய பிள்ளைகள்!

கையில் இருந்த பைபிளை அவர் கீழே வைத்துவிடவில்லை. பைபிளைக் கையில் பிடித்தபடியேதான் நல்லெண்ணெய்க்கும் ஏற்பாடு செய்தார். மதமும் கருணையும் எப்படிச் சேர்ந்து வாழும் என்பதற்கு இதைவிட எளிய உதாரணம் வேண்டுமா?

மூன்றாம் ஆண்டில் கலாம், விடுதியின் சைவச் சாப்பாட்டுக்கூடத்துக்குக் காரியதரிசி ஆனார். ஒரு முஸ்லிம் மாணவர், சைவ உணவுக்குப் பொறுப்பாளர்! ஒரு ஞாயிற்றுக்கிழமை, கல்லூரியின் ரெக்டர் பாதிரியாரை விருந்துக்கு அழைத்தார்கள். மூன்று நண்பர்களும் தங்கள் தங்கள் வீட்டு முறையில் சிறந்த பலகாரங்களைச் செய்ய வைத்தார்கள். ரெக்டர் ருசித்துச் சாப்பிட்டு, வாயாரப் புகழ்ந்தார்.

கலாம் மதம் மாறினாரா? இல்லை. கடைசி வரை முஸ்லிமாகவே வாழ்ந்தார். கீதையையும் குறளையும் போற்றினார். வீணையும் வாசித்தார்.

நெல்லைப் பேட்டையின் பிள்ளை

நமது நெல்லைச் சீமையிலேயே இன்னொரு உதாரணம் உண்டு. "காயிதே மில்லத்" என்று மக்கள் அழைத்த முகமது இஸ்மாயில் சாகிப்.

இவர் 1896-ல் நெல்லைப் பேட்டையில் பிறந்தார். பள்ளிப் படிப்பு, நெல்லை இந்துக் கல்லூரிப் பள்ளியில். மகாகவி பாரதியார் படித்த அதே பள்ளி. பிறகு, திருச்சியில் கத்தோலிக்கர்களின் தூய வளனார் கல்லூரி. அதன்பின், சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி. ஒத்துழையாமை இயக்கம் வந்தபோது படிப்பை விட்டு வெளியே வந்தார்.

இந்துக்களிடம் படித்தார். கத்தோலிக்கர்களிடம் படித்தார். புராட்டஸ்டண்டுகளிடம் படித்தார். முடிவில் என்ன ஆனார்? முஸ்லிம் மக்களின் மாபெரும் தலைவர் ஆனார்! அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினராக இருந்து, தமிழுக்காக வாதாடினார். 1972-ல் அவர் காலமானபோது எல்லா மதத்தாரும் கண்ணீர் வடித்தார்கள்.

பிறர் வீட்டில் சாப்பிட்டதால் தாய் வீட்டுச் சோற்றின் ருசி மறந்துபோகுமா? மறக்காது. சொல்லப்போனால், அருமை கூடும்.

குறை கேட்டதால் பிறந்த அறிவு

எல்லா இடத்திலும், எல்லாக் காலத்திலும் நல்லெண்ணெயே கிடைத்தது என்று சொல்ல முடியாது. மனம் புண்பட்டவர்களும் உண்டு.

டாக்டர் ராதாகிருஷ்ணன் 1888-ல் திருத்தணியில் பிறந்தவர். வேலூர் ஊரீஸ் கல்லூரியிலும், பிறகு சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் படித்தார். அந்தக் காலத்தில் பாதிரிமார்கள் சிலர், இந்து மதத்தைக் குறை கூறிப் பேசுவார்கள். இளைஞர் ராதாகிருஷ்ணனுக்கு அது வேதனை தந்தது.

அவர் என்ன செய்தார்? கல்லை எடுக்கவில்லை. கல்லூரியை விட்டும் ஓடவில்லை. "நம் மதத்தில் உண்மையில் என்ன இருக்கிறது?" என்று தேட ஆரம்பித்தார். 1908-ல் வேதாந்தத்தின் அறநெறி பற்றி ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினார்.

அதைப் படித்துப் பாராட்டியவர் யார்? அதே கல்லூரியின் கிறிஸ்தவப் பேராசிரியர், ஏ.ஜி.ஹாக்! மாணவன் தன் மதத்துக்காக வாதாடுகிறான் என்று தெரிந்தும், அவனுடைய அறிவை ஹாக் மெச்சினார்.

ஒரே கல்லூரிக்குள் இரண்டு அனுபவம். ஒரு குரல் குத்தியது; இன்னொரு குரல் தட்டிக்கொடுத்தது. இரண்டையும் அனுபவித்தவரிடம்தான், சுதந்திர இந்தியாவில் கல்லூரிகள் எப்படி நடக்க வேண்டும் என்று யோசனை சொல்லும் பொறுப்பு வந்தது.

1948-ல் பல்கலைக்கழகக் கல்விக் கமிஷன் அமைந்தது. ராதாகிருஷ்ணன்தான் அதன் தலைவர். 1949-ல் கமிஷன் அறிக்கை கொடுத்தது. மதம் பற்றி அதில் சொன்ன யோசனைகள் இவை:

கல்வி நிலையங்களில் அன்றாட வேலை, சில நிமிட மவுன தியானத்துடன் தொடங்கலாம். பட்டப்படிப்பின் முதல் ஆண்டில், பெரியோர்களின் வாழ்க்கையைச் சொல்லிக் கொடுக்கலாம். புத்தர், ஏசு, முகமது நபி, சங்கரர், ராமானுஜர், கபீர், நானக், காந்தி என்று எல்லாரையும் பற்றி. இரண்டாம் ஆண்டில், பல மதங்களின் மறைநூல்களில் இருந்து எல்லாருக்கும் பொதுவான பகுதிகளைப் படிக்கலாம். மூன்றாம் ஆண்டில், மதத் தத்துவத்தின் முக்கியமான பிரச்சினைகளை ஆராயலாம்.

மவுனத்தில் தொடங்கச் சொன்னது எவ்வளவு நுட்பம், பாருங்கள்! ஐந்து நிமிடம் மவுனமாக இருந்தால் ஒருவன் முருகனை நினைக்கலாம். ஒருவன் அல்லாவை நினைக்கலாம். ஒருவன் ஏசுவை நினைக்கலாம். கடவுளை நம்பாதவன் தன் தாயை நினைக்கலாம். மவுனத்துக்கு மதச் சண்டை கிடையாது.

சட்டம் என்ன சொல்கிறது?

பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டிய சட்டம் ஒன்று உண்டு.

1950 ஜனவரி 26-ந் தேதி அமலுக்கு வந்த நமது அரசியல் சட்டத்தில் 28-வது பிரிவைப் பாருங்கள். முழுக்க முழுக்க அரசாங்கப் பணத்தில் நடக்கும் கல்வி நிலையத்தில் மத போதனை கூடாது. அரசாங்க அங்கீகாரமோ, உதவிப் பணமோ பெறும் மற்றக் கல்வி நிலையங்களில் மத போதனை நடக்கலாம், வழிபாடும் நடக்கலாம். ஆனால், அதில் கலந்துகொள்ளும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. மாணவர் சம்மதம் வேண்டும். மாணவர் மைனராக இருந்தால், பெற்றோர் அல்லது காப்பாளரின் சம்மதம் வேண்டும்.

"சம்மதம்!" இதுதான் முக்கியமான சொல். வா என்று அழைக்கலாம். வந்தே தீர வேண்டும் என்று இழுக்கக் கூடாது.

ஒருவர் எதிர்த்தார், பிரார்த்தனை நின்றது

இந்தச் சம்மதம் என்ற சொல்லுக்கு உயிர் கொடுத்தவர், காந்தியடிகள்.

காந்தியின் ஆசிரமப் பிரார்த்தனையில் உபநிடத சுலோகம் இருக்கும். கீதை இருக்கும். குர்ஆனின் முதல் அத்தியாயம் இருக்கும். பார்சி மத வேண்டுதல் இருக்கும். கிறிஸ்தவ கீதமும் இருக்கும். புத்த மந்திரம் ஒன்றும் உண்டு. சேவாகிராமத்தில் தங்கி இருந்த ஒரு ஜப்பானியப் பிட்சுவிடம் இருந்து வந்தது அது. ஜப்பானோடு யுத்தம் மூண்டபோது போலீசார் பிட்சுவைக் கொண்டுபோய்விட்டார்கள். ஆனால், அவருடைய மந்திரத்தைக் காந்தி நிறுத்தவில்லை.

1947 ஏப்ரல் மாதம். டெல்லியில் துப்புரவுத் தொழிலாளர்கள் குடியிருப்பில் காந்தி தங்கி இருந்தார். நாட்டில் மதக்கலவரம். மாலைப் பிரார்த்தனையில் குர்ஆன் ஓத ஆரம்பித்ததும், ஒருவர் எழுந்து எதிர்ப்புத் தெரிவித்தார். கூட்டத்தில் இருந்தவர்கள் அவரை வெளியேற்றப் பார்த்தார்கள்.

காந்திக்கு அது பிடிக்கவில்லை. எதிர்த்தவரைத் தள்ளிவிட்டுப் பிரார்த்தனை நடத்துவது பிரார்த்தனை ஆகாது என்றார். குர்ஆனை விட்டுவிட்டு மற்றதை மட்டும் சொல்லவும் அவர் சம்மதிக்கவில்லை. அன்று பிரார்த்தனையே நடக்கவில்லை! அடுத்த நாட்களிலும், எதிர்ப்பு வந்தபோது நிறுத்தினார். நாளடைவில் எதிர்ப்பு அடங்கியது. குர்ஆன் உட்பட முழுப் பிரார்த்தனையும் நடந்தது.

சிறுபான்மை மதத்தின் வேதத்தையும் அவர் கைவிடவில்லை. எதிர்த்த தனி மனிதனையும் அவமதிக்கவில்லை. பல மதத்தார் கூடும் எந்தக் கல்லூரிக்கும் இதுவே பாடம்.

சிறுமலை அடிவாரத்தில் ஒரு பல்கலைக்கழகம்

காந்தியின் இந்தப் பிரார்த்தனை, தமிழ்நாட்டில் ஒரு கல்வி நிலையத்தின் வழக்கமாகவே ஆனது. திண்டுக்கல் அருகே சிறுமலை அடிவாரத்தில், சின்னாளப்பட்டிக்கும் அம்பாத்துரைக்கும் பக்கத்தில் இருக்கிறது, அந்த இடம். அதுதான் காந்திகிராமம்!

இதை 1947-ல் தொடங்கியவர்கள் டாக்டர் சவுந்தரம் அம்மையாரும், அவருடைய கணவர் ஜி.ராமச்சந்திரனும்.

சவுந்தரம், டி.வி.எஸ். பஸ் கம்பெனியைத் தொடங்கிய டி.வி.சுந்தரம் அய்யங்காரின் மகள். தகப்பனாருக்குச் சொந்த ஊர் நெல்லைச் சீமைத் திருக்குறுங்குடி. சவுந்தரத்துக்குச் சிறு வயதிலேயே கல்யாணம் நடந்தது. கணவர் ஒரு டாக்டர். அவர் இளமையிலேயே இறந்துவிட்டார்.

விதவைப் பெண்ணை மூலையில் உட்கார வைத்த காலம் அது. ஆனால், சவுந்தரம் உட்காரவில்லை. டெல்லிக்குப் போய் டாக்டருக்குப் படித்தார். கேரளத்தைச் சேர்ந்த காந்தித் தொண்டர் ராமச்சந்திரனை 1940-ல் சேவாகிராமத்தில் மணந்தார். மணமகனுக்குக் காந்தி தாமே நூற்ற நூலில் நெய்த வேட்டி; மணமகளுக்குக் கஸ்தூரிபா நூற்ற நூலில் நெய்த சேலை. அதுதான் சீதனம்!

கோடீசுவரர் வீட்டுப் பெண், பட்டணத்தில் ஆஸ்பத்திரி வைத்துப் பணம் சேர்த்து இருக்கலாம். அவரோ கிராமத்துக்கு வந்தார்.

1956-ல் அங்கே கிராமியக் கல்லூரி உருவானது. 1976-ல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது. மாணவர்கள் சாதி, மத வித்தியாசம் இல்லாமல் ஒன்றாக அமர்ந்து சர்வ சமயப் பிரார்த்தனை செய்வது அங்கே மரபாக வளர்ந்தது.

அங்கே பணியாற்றிய ஒரு பாதிரியாரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் பெயர் கெய்தான். அமெரிக்கர். 1925-ல் மதபோதகராகத் தமிழ்நாட்டுக்கு வந்தார். காந்தியின் இயக்கத்தில் அனுதாபம் கொண்டார். கதர் உடுத்தினார். வெள்ளைக்காரச் சர்க்கார் விடுமா? 1930-ல் அவரை நாட்டைவிட்டு வெளியேறச் சொன்னது. திரும்பி வந்தார். 1944-ல் மறுபடியும் வெளியேற்றியது. சுதந்திரம் வந்தபின் மீண்டும் வந்தார்! காந்திகிராமத்திலும், சுற்றி உள்ள கிராமங்களிலும் ஏழைகளுக்குப் பாடுபட்டார். கிறிஸ்தவராகவே வாழ்ந்தார், தமிழ்நாட்டு மண்ணிலேயே மறைந்தார்.

பிரார்த்தனை முடிந்த பிறகு

பிரார்த்தனை நடக்கிறது. கண்ணை மூடுகிறோம். கண்ணைத் திறந்த பிறகு என்ன செய்கிறோம்? அதுதான் பரீட்சை!

காந்திகிராமத்தில் பிரார்த்தனைக்குப் பக்கத்திலேயே ஆஸ்பத்திரியும் வந்தது. சவுந்தரம் அம்மையார் கிராமத்துத் தாய்மாருக்கு வைத்தியம் பார்க்கச் சிறிய அளவில் ஆரம்பித்தது, கஸ்தூரிபா ஆஸ்பத்திரியாக வளர்ந்தது. பெற்றவர்களால் கைவிடப்பட்ட குழந்தைகளை ஏற்று வளர்த்தார்கள். பிள்ளை இல்லாத தம்பதிகளுக்குச் சட்டப்படி தத்துக் கொடுத்தார்கள்.

தொட்டிலில் கிடக்கும் குழந்தையைப் பார்த்து, "நீ எந்த மதம்?" என்று கேட்க முடியுமா? கேட்டால் அது அழும். பால் கொடுத்தால் சிரிக்கும். அவ்வளவுதான் அதற்குத் தெரியும்.

மாணவர்கள் பக்கத்துக் கிராமங்களுக்குப் போய் வேலை செய்வது, படிப்பின் ஒரு பகுதி. வினோபா 1957-ல் "சாந்தி சேனை"யைத் தொடங்கினார். அந்த வழியில், மாணவர்களுக்கு அமைதிப் படைப் பயிற்சியும் காந்திகிராமத்தில் கொடுத்தார்கள். துப்பாக்கி இல்லாத படை அது. சண்டை நடக்கும் இடத்தில் நடுவில் போய் நிற்கும் துணிச்சல்தான் அதன் ஆயுதம்.

பின்னால், எல்லாக் கல்லூரிகளுக்கும் ஒரு தொண்டுத் திட்டம் வந்தது. காந்தி நூற்றாண்டான 1969-ல், செப்டம்பர் 24-ந் தேதி நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கியது. அப்போது 37 பல்கலைக்கழகங்கள். 40 ஆயிரம் மாணவர்கள். இன்று அது நாடெங்கும் உள்ள கல்லூரிகளுக்குப் பரவி இருக்கிறது. மாணவர்கள் கிராமங்களில் முகாம் போடுகிறார்கள். மரம் நடுகிறார்கள். ரத்த தானம் செய்கிறார்கள்.

ரத்த தானம் என்றால் ஒன்று தோன்றுகிறது. ரத்தத்தில் "ஏ" வகை உண்டு. "பி" வகை உண்டு. "ஓ" வகை உண்டு. இந்து ரத்தம், முஸ்லிம் ரத்தம், கிறிஸ்தவ ரத்தம் என்று வகை இல்லை! ஆபரேஷன் மேஜையில் கிடப்பவருக்கு, பாட்டில் மேல் எழுதி இருக்கும் வகை பொருந்தினால் போதும்.

கடல் கடந்தும் இப்படி

இலங்கையில், கண்டிக்குப் பக்கத்தில் பேராதனைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. மகாவலி ஆற்றங்கரையில், மலைச்சரிவில் அமைந்த அழகான இடம். அங்கே ஒரே வளாகத்தில் புத்த விகாரையும் இருக்கிறது, கிறிஸ்தவ ஆலயமும் இருக்கிறது, மசூதியும் இருக்கிறது, தமிழ் மாணவர்கள் வழிபடும் குறிஞ்சிக் குமரன் கோவிலும் இருக்கிறது.

காந்திகிராமத்தில் எல்லாரும் ஒரே இடத்தில் கூடி வழிபட்டார்கள். பேராதனையில் அவரவர்க்கு ஓர் இடம் கொடுத்தார்கள். வழி இரண்டு, நோக்கம் ஒன்றே. பிள்ளையின் நம்பிக்கைக்கு மரியாதை!

பெற்றோர் என்ன கேட்க வேண்டும்?

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது, பெயர்ப்பலகையை மட்டும் பார்த்து முடிவு செய்துவிடாதீர்கள். நேரில் போங்கள். கல்லூரித் தலைவரையும், விடுதி வார்டனையும் பார்த்து, தயங்காமல் கேளுங்கள்.

வழிபாடு நடக்கிறதா? அதில் கலந்துகொள்வது மாணவரின் விருப்பமா, கட்டாயமா?

பண்டிகை நாளில் ஊருக்குப் போக முடியாத மாணவருக்கு என்ன ஏற்பாடு?

நோன்பு, விரதம், சைவ உணவு ஆகியவற்றுக்கு விடுதியில் இடம் உண்டா?

ஒரு மாணவரின் சாதியையோ மதத்தையோ யாராவது இழிவாகப் பேசினால், யாரிடம் புகார் செய்வது?

மாணவர்கள் தொண்டு செய்ய வெளியே போகிறார்களா?

இந்தக் கேள்விகளுக்கு நேரான பதில் வந்தால், அந்தக் கல்லூரியை யார் நடத்தினாலும் கவலை வேண்டாம். பதில் மழுப்பலாக வந்தால், அது சொந்த மதத்தார் நடத்தும் கல்லூரியாகவே இருந்தாலும் இன்னொரு முறை யோசியுங்கள்!

வீட்டிலும் ஒரு வேலை இருக்கிறது. பிள்ளையை வழியனுப்பும்போது, "நம் சாமியை மறந்துவிடாதே" என்று சொல்லுங்கள். அது உங்கள் உரிமை. அதோடு இன்னொன்றும் சொல்லுங்கள்: "உன் அறையில் இருக்கும் பிள்ளைக்கும் ஒரு சாமி உண்டு. அதைக் குறை சொல்லாதே. அவனுக்குக் காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துக் கொடு."

விடுமுறைக்கு வரும்போது அந்தத் தோழனையும் வீட்டுக்கு அழைத்துவரச் சொல்லுங்கள். இலை போட்டு, பக்கத்தில் உட்கார வைத்துச் சாப்பாடு போடுங்கள்.

பெட்டியில் சட்டை துணிகளோடு சாமி படமும் போகட்டும், குர்ஆனும் போகட்டும், பைபிளும் போகட்டும். தீபாவளி, ரம்ஜான், கிறிஸ்துமஸ் வரும்போது, அடுத்த கட்டிலில் இருப்பவனுக்குக் கொடுக்க ஒரு பொட்டலம் பலகாரமும் போகட்டும்!